பாட்டியை வெட்டிய கணக்கு

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் தாத்தாவின் எண்பதாம் கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படத்தை இணையத்தில் ஏற்றியதும், முன்னோட்டமாக வந்த சின்னச் சதுரத்தில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெரிய பாட்டியைக் காணவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மேடையின் பின்னால் தெர்மாகோலில் வெட்டி ஒட்டிய பெயர் எழுத்துகளும் சிவப்புத் துணி அலங்காரமும் மட்டும் பளிச்சென்று நின்றதாம். "எது முக்கியம் என்று இந்தக் கம்ப்யூட்டருக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கோபம் நியாயமானது. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம் படிப்பதாகவும், ப்ராஜெக்ட்டுக்கு இதையே எடுக்கலாமா என்று யோசிப்பதாகவும் சொல்லியிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எது முக்கியம் என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு படத்தைக் காட்டினால் மனிதக் கண் முதலில் எங்கே போகும் என்பதை மட்டுமே அது ஊகிக்கிறது. நம் கண் ஒரு காட்சி முழுவதையும் ஒரே கூர்மையில் பார்ப்பதில்லை. கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினால் நகம் எவ்வளவு இடத்தை மறைக்குமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் ஒரு சமயத்தில் துல்லியமாகத் தெரியும். மற்றதெல்லாம் மங்கல். அதனால்தான் கண் நொடிக்கு மூன்று தடவை போல இடம் விட்டு இடம் தாவிக்கொண்டே இருக்கிறது. அடுத்து எங்கே தாவுவது என்பதை மூளை எப்படி முடிவு செய்கிறது? 1985ல் கிறிஸ்டோஃப் கோக், ஷிமோன் உல்மன் இருவரும் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். காட்சியின் ஒவ்வொரு இடத்துக்கும் "இங்கே எவ்வளவு ஈர்ப்பு" என்று ஒரு மதிப்பெண் போட்ட வரைபடம் மூளையில் இருக்கலாம், அதில் அதிக மதிப்பெண் வாங்கிய இடத்துக்குக் கவனம் போகும் என்றார்கள். 1998ல் லாரன்ட் இட்டி, கோக், எர்ன்ஸ்ட் நீபர் மூவரும் அந்த வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் கட்டிக் காட்டினார்கள். நீங்கள் இந்தத் துறைக்குள் போவதாக இருந்தால் முதலில் படிக்க வேண்டியது அவர்களுடைய கட்டுரை. சில பக்கங்கள்தான், ஆனால் அதில் வீணான வரி இல்லை.

அவர்கள் செய்ததை ஒரு படத்தை வைத்தே பார்ப்போம். பச்சை வயலில் நாற்று நடுகிறார்கள். எல்லோரும் வெளிறிய நிறப் புடவை, ஒருவர் மட்டும் சிவப்பு. இந்தப் படத்தை நிரல் மூன்று விதமாகப் பிரித்துக்கொள்கிறது: வெளிச்சம், நிறம், கோடுகளின் சாய்வு. நிறத்தில் சிவப்புக்கு எதிர் பச்சை, நீலத்துக்கு எதிர் மஞ்சள் என்று இரண்டு ஜோடிகள். நம் பார்வை நரம்புகளும் நிறத்தை இப்படித்தான் எதிரெதிர் ஜோடிகளாகக் கையாள்கின்றன. சாய்வில் நான்கு திசைகள். பிறகு படத்தைத் திரும்பத் திரும்பப் பாதியாகச் சுருக்குகிறது. சுருங்கச் சுருங்க விவரம் மறைந்து சராசரி மட்டும் தங்கும். பெரிய அளவில் உள்ள ஒரு புள்ளியை, அதே இடத்தின் மிகச் சுருங்கிய வடிவத்தோடு கழித்துப் பார்த்தால், "இந்த இடம் தன் சுற்றுப்புறத்திலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது" என்ற விடை வந்துவிடும். கணக்கு வெறும் கழித்தல்தான். இப்படி வெளிச்சத்துக்கு 6, நிறத்துக்கு 12, சாய்வுக்கு 24 என்று மொத்தம் 42 வரைபடங்கள் கிடைக்கின்றன.

இனி இவற்றைக் கூட்ட வேண்டும், சிக்கலும் இங்கேதான். நெற்பயிரின் ஒவ்வொரு தாளும் தன் பக்கத்து நீரிலிருந்து வேறுபட்டுத்தான் நிற்கிறது. அப்படியே கூட்டினால் ஆயிரம் தாள்களின் இரைச்சலில் சிவப்புப் புடவை மூழ்கிப்போகும். இதற்கு அவர்கள் கண்ட வழி எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது. ஒவ்வொரு வரைபடத்திலும் மிக உயர்ந்த சிகரத்தின் மதிப்பை எடு. மற்றச் சிகரங்களின் சராசரியை அதிலிருந்து கழி. வரும் விடையைத் தன்னாலேயே பெருக்கி, அந்த எண்ணால் வரைபடம் முழுவதையும் பெருக்கு. புரிவதற்காக நானே எண்களைப் போடுகிறேன். நிற வரைபடத்தில் சிவப்புப் புடவைக்கு 10, மற்றச் சிகரங்களின் சராசரி 2 என்றால் வித்தியாசம் 8, பெருக்கு எண் 64. சாய்வு வரைபடத்தில் உயர்ந்த சிகரம் 10, ஆனால் மற்றத் தாள்களின் சராசரியும் 9. வித்தியாசம் 1, பெருக்கு எண்ணும் 1. இப்போது கூட்டினால் தாள்கள் இருந்த சுவடே தெரியாது. சிவப்புப் புடவை தனியாக எழுந்து நிற்கும். கூட்டத்தில் எல்லோரும் கத்தினால் யாருடைய குரலும் காதில் விழாது என்ற அனுபவத்தை ஒரே ஒரு கழித்தலும் பெருக்கலும் எழுதிவிட்டன. வென்ற இடத்தைப் பார்த்து முடித்ததும் அந்த இடத்தின் மதிப்பைத் தற்காலிகமாக அமுக்கிவிடுவார்கள். அடுத்த சிகரம் மேலே வரும், கவனம் அங்கே தாவும்.

ஆனால் பார்ப்பவர் மனதில் என்ன இருக்கிறது என்பது இந்தக் கணக்குக்குத் தெரியாது. அது எவ்வளவு பெரிய குறை என்பதை யார்பஸ் என்ற ரஷ்ய ஆய்வாளர் அதற்குப் பல வருடங்கள் முன்பே காட்டிவிட்டார். கண்ணின் மேல் ஒட்டிப் பிடிக்கும் சிறு தொப்பியில் குட்டிக் கண்ணாடியைப் பொருத்தி, அதில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பதிவு செய்து கண் போகும் பாதையை அவர் வரைந்தார். பார்க்கக் கொடுத்தது ரஷ்ய ஓவியர் ரெபினின் ஓர் ஓவியம். நாடுகடத்தப்பட்டிருந்த ஒருவர் எதிர்பாராமல் வீட்டுக்குள் நுழைகிறார், குடும்பம் திகைத்து நிமிர்கிறது. அந்த ஒரே படத்தை ஒரே ஆளிடம் காட்டி வெவ்வேறு கேள்விகள் கேட்டார். இவர்களுக்கு என்ன வயதிருக்கும் என்றால் கண் முகம் முகமாகத் தாவியது. குடும்பத்தின் வசதி எப்படி என்றால் மேஜை நாற்காலிகளையும் உடைகளையும் தேடிப் போனது. படம் மாறவில்லை, பாதை முற்றிலும் மாறியது. உங்கள் குடும்பப் படத்தைத் திறந்ததும் உங்கள் கண் பாட்டியைத் தேடியதற்கும் இதுதான் காரணம். பாட்டியைத் தேடும் கேள்வி உங்களிடம் இருந்தது, நிரலிடம் இல்லை.

அடுத்த பெரிய மாற்றம் 2009ல் வந்தது. எம்.ஐ.டி.யில் டில்கே ஜட்டும் கூட்டாளிகளும் 1,003 படங்களை 15 பேரிடம், ஒவ்வொன்றையும் 3 நொடி காட்டி, கண்கள் நின்ற இடங்களைப் பதிவு செய்தார்கள். சூத்திரத்தை மனிதர் யோசித்து எழுதுவதற்குப் பதிலாக, இந்தப் பதிவுகளிலிருந்து கம்ப்யூட்டரே கற்றுக்கொள்ளட்டும் என்பது எண்ணம். முகங்களும் எழுத்துகளும் கண்ணைக் கட்டி இழுக்கின்றன என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது: பார்வை நின்ற இடங்களில் 40 சதவீதம், படத்தின் நடுவே உள்ள 11 சதவீதப் பரப்புக்குள்ளேயே இருந்தன. படம் எடுப்பவர் வேண்டியதை நடுவில் வைத்து எடுக்கிறார், பார்ப்பவரும் திரைக்கு நேர் எதிரே உட்காருகிறார். படத்தைத் திறந்தே பார்க்காமல் "நடுவில்தான் பார்ப்பார்கள்" என்று சொல்லும் மாதிரிகூட நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். ப்ராஜெக்ட் செய்யும்போது இதை மறந்தால் உங்கள் முடிவுகள் அத்தனையும் பொய்யாகிவிடும்.

2014ல் இந்தத் துறைக்கு ஆழ் நரம்பு வலையமைப்புகள் வந்தன. ட்யூபிங்கனில் கும்மரர், லூகாஸ் தைஸ், பெத்கே மூவரும் கட்டிய டீப்கேஸ், பொருள்களுக்குப் பெயர் சொல்லப் பழக்கிய வலையமைப்பை எடுத்துப் பார்வையை ஊகிக்கத் திருப்பியது. ஊகம் வெகுவாக மேம்பட்டது. உங்கள் மேடையை இந்த வகை மாதிரிகளின் வழியாக இப்போது பாருங்கள்: பெரிய எழுத்துகள், பச்சை வாழைமரத்துக்கு நடுவே சிவப்புத் துணி, அதுவும் படத்தின் மையத்தில். பாட்டியோ வெளிறிய புடவையில், சுவரின் நிறத்தோடு ஒட்டி, ஓரத்தில்.

இதுவரை சொன்ன எதன் மேலும் எனக்குக் கோபம் இல்லை. வரைபடம் ஓர் அருமையான ஆய்வுக் கருவி. அதில் பாட்டிக்கும் மதிப்பெண் இருக்கும். குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. அந்த வரைபடத்தின் ஒரே ஓர் உச்சப் புள்ளியை மட்டும் எடுத்து, அதைச் சுற்றிச் சதுரம் போட்டு, மிச்சத்தை வெட்டி எறிவதுதான் தவறு. ஓர் இடத்துக்கு 51, இன்னொன்றுக்கு 49 என்றாலும் வெட்டிய படத்தில் முதலாவது முழுதாக இருக்கும், இரண்டாவது அடியோடு இருக்காது.

இது பெரிய அளவில் நடந்து எல்லோரும் பார்த்த கதை ட்விட்டருடையது. 2018ல் அந்த நிறுவனம் முகத்தைத் தேடி வெட்டும் பழைய முறையை விட்டு, ஈர்ப்பு வரைபடத்தைப் பார்த்து வெட்டத் தொடங்கியது. அதை அப்போது விளக்கி எழுதிய இருவரில் ஒருவர் டீப்கேஸின் லூகாஸ் தைஸ். 2020 செப்டம்பரில் பயனர்கள் சோதித்துப் பார்த்தார்கள். நீளமான ஒரு படத்தின் ஒரு முனையில் பராக் ஒபாமா, மறுமுனையில் வெள்ளையரான செனட்டர் மிட்ச் மெக்கானல், நடுவில் வெற்றிடம். மேலும் கீழும் மாற்றி வைத்தும் முன்னோட்டத்தில் வந்தது மெக்கானலின் முகம். 2021 மே மாதம் ரும்மன் சவுத்ரி தலைமையிலான குழு தன் நிறுவனத்தின் சோதனை முடிவையே வெளியிட்டது: சம வாய்ப்பிலிருந்து பெண்களுக்குச் சாதகமாக 8 சதவீதம், வெள்ளையருக்குச் சாதகமாக 4 சதவீதம் விலகல். வெட்டு, தலையில் விழாத சில படங்களில் விளையாட்டுச் சட்டையின் எண்ணில் போய் விழுந்திருந்தது. எழுத்தும் எண்ணும் எவ்வளவு வலுவாக இழுக்கின்றன என்று பாருங்கள். படத்தை எப்படி வெட்டுவது என்பதை மனிதர்களே முடிவு செய்வது நல்லது என்று எழுதினார்கள், முழுப் படத்தையும் காட்டும் முறைக்கும் மாறினார்கள். ஒரு பெரிய நிறுவனம் தன் பிழையைத் தானே அளந்து, எண்ணோடு ஊருக்குச் சொன்னதை நான் மிக மதிக்கிறேன்.

அதே ஆண்டு ஆகஸ்டில், டெஃப்கான் என்ற ஹேக்கர் மாநாட்டில், ட்விட்டரின் வெட்டும் நிரலில் உள்ள பாரபட்சங்களைக் கண்டுபிடிக்க ஒரு போட்டி நடந்தது. முதல் பரிசு பெற்ற போக்டன் குலினிச், செயற்கையாக உருவாக்கிய முகங்களை மெல்ல மெல்ல மாற்றிப் பார்த்தார். முகம் ஒல்லியாகவும் இளமையாகவும் நிறம் வெளுப்பாகவும் ஆக ஆக மதிப்பெண் ஏறியது. பரிசு பெற்ற இன்னொரு பதிவு, படத்தில் அரபு எழுத்தும் லத்தீன் எழுத்தும் இருந்தால் நிரல் லத்தீன் பக்கம் சாய்வதைக் காட்டியது.

உங்கள் ப்ராஜெக்ட் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தமிழும் ஆங்கிலமும் உள்ள பெயர்ப் பலகைகளைப் படமெடுங்கள். அதோடு, ஒரு பக்கம் தமிழ்ப் பெயர், மறுபக்கம் ஆங்கிலப் பெயர் என்று வெறும் பின்னணியில் நீங்களே சில படங்களையும் தயாரியுங்கள். நீங்கள் தயாரித்த ஒவ்வொன்றிலும் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றி இன்னொரு பிரதி எடுங்கள். மையச் சாய்வும் பக்கச் சாய்வும் அப்போதுதான் கழியும். முதலில் ஹோ, ஜாங் இருவரும் 2007ல் வெளியிட்ட அலைக்கற்றை மிச்ச (ஸ்பெக்ட்ரல் ரெசிடுவல்) முறையில் ஓட்டுங்கள். ஓப்பன்சிவி நிரல் நூலகத்தின் கூடுதல் தொகுப்பிலேயே அது கிடைக்கிறது, யாருடைய கண்ணிலிருந்தும் எதையும் கற்காத முறை அது. பிறகு மனிதப் பார்வையிலிருந்து கற்ற ஒரு மாதிரியில் அதே படங்களை ஓட்டுங்கள். கற்ற மாதிரி மட்டும் ஒரு மொழியின் பக்கம் சாய்ந்தால், அது கற்ற படங்களில் யாருடைய தெருக்கள் இருந்தன, பார்த்தவர்கள் எந்த எழுத்தைப் படிப்பவர்கள் என்று தேடிப் போகலாம்.

இரண்டு மொழி எழுத்தின் உயரமும் தடிமனும் நிறமும் ஒன்றாக இருக்கட்டும். இல்லாவிட்டால் நீங்கள் அளந்தது மொழியையா எழுத்துருவையா என்று வைவாவில் முதல் கேள்வியே வரும். உச்சப் புள்ளியை மட்டும் குறித்துக்கொண்டு நிறுத்தாமல், இரு பக்கத்துக்கும் கிடைத்த மொத்த மதிப்பெண்ணையும் அட்டவணையில் போடுங்கள். முடிவு எதுவானாலும் எனக்கு அனுப்புங்கள், வாசிக்கக் காத்திருக்கிறேன்.

பாட்டியின் படத்தை ஏற்றும் முன் நீங்களே சதுரமாக வெட்டி ஏற்றிவிடுங்கள். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்