பழைய சுவருக்குப் புதிய பேரம்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டுக்கு விலை பேசி, முன்பணமும் கட்டியாகிவிட்டது. அதன்பின் கட்டட ஆய்வாளரின் அறிக்கை கைக்கு வருகிறது. சுவரில் ஓதம், உத்திரத்தில் கறையான், கூரையில் ஒழுக்கு என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். விலையைக் குறைக்கச் சொல்லலாமா? பலர் குறைகளின் எண்ணிக்கையைப் பார்த்து இதை முடிவு செய்கிறார்கள். அந்த வழி தவறு என்பது என் கருத்து. பார்க்க வேண்டியது வேறு: இந்தக் குறை நாம் ஒப்புக்கொண்ட விலைக்குள் அப்போதே அடங்கியிருந்ததா, இல்லையா? அடங்கியிருந்தால் மறுபடி பேரம் பேசுவது கொடுத்த வாக்கை மீறுவதாகும். அடங்கவில்லையென்றால், வாய் திறக்காமல் இருப்பது நம் சேமிப்புக்கு நாமே செய்யும் கேடு.

எது விலைக்குள் அடங்கியது என்று தெரிய இந்தத் தெருக்களின் கதை தெரிந்திருக்க வேண்டும். நம்மவர்கள் கடைத்தெரு என்று சொல்லும் லெபு பாசாரிலும், மகாமாரியம்மன் கோயில் இருக்கும் குவீன் தெருவிலும் நிற்கும் கடைவீடுகளில் பெரும்பாலானவை இரண்டாம் உலகப் போருக்கு முந்தியவை. 1948க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டிவைத்திருந்தது. அந்தக் கட்டு முழுதாக அவிழ்ந்தது 2000 சனவரி முதல் நாளில்தான். வாடகை ஏறாத வீட்டுக்கு உரிமையாளர் செலவு செய்ய மாட்டார். பல பத்தாண்டுக் காலம் பழுதுபார்ப்பு தள்ளிக்கொண்டே போனது. கட்டியதும் செங்கல், சுண்ணாம்புச் சாந்து கொண்டுதான். ஈரம் மேலேறாமல் தடுக்கும் அடுக்கு அடித்தளத்தில் கிடையாது. கடலோ கூப்பிடு தூரத்தில். ஆகவே சுவரின் கீழ்ப்பகுதியில் ஓதம் ஏறியிருப்பதும், உப்புப் பூத்துப் பூச்சு உதிர்வதும், ஓடு விலகியிருப்பதும் இங்கே செய்தியே அல்ல. கடை முகப்பு நடைபாதையான அஞ்சடியில் நின்று அண்ணாந்து பார்த்தாலே தெரியும் பழுதை அறிக்கையில் படித்துவிட்டு அதிர்ச்சியடைவதில் நியாயமில்லை. விற்பவர் சொன்ன விலையும் நாம் ஒத்துக்கொண்ட விலையும் பழைய வீட்டுக்கான விலைகள்தாம்.

அப்படியானால் பேரத்துக்கு எதைத்தான் எடுப்பது? கண்ணுக்குப் படாமல் இருந்து, ஆய்வில் மட்டுமே வெளிப்பட்டதை. இந்த வீடுகளில் மாடித் தரையைத் தாங்கும் உத்திரங்களின் முனைகள் பக்கச் சுவருக்குள் புதைந்திருக்கும். வெளியே தெரியும் மரம் திடமாக இருக்க, சுவருக்குள் இருக்கும் முனை மக்கிப் போயிருக்கலாம். சுண்ணாம்புப் பூச்சின் மேல் யாரோ சிமெண்ட் பூசியிருந்தால் சுவர் பார்க்கப் புதிதாகத் தெரியும். உள்ளே மூச்சுவிட வழியில்லாத ஈரம் செங்கல்லைத் தின்றுகொண்டிருக்கும். சில கடைவீடுகள் ஒரு காலத்தில் பறவைக்கூடு எடுக்கும் வீடுகளாக இருந்தவை. மாநில அரசு 2013க்குள் அவற்றைப் பாரம்பரிய வட்டாரத்திலிருந்து அகற்றச் சொன்னது. உழவாரன் குருவிகளுக்காக ஆண்டுக்கணக்கில் ஈரப்பதம் ஊட்டப்பட்ட மேல்மாடியின் மரத்தையும் சுவரையும் வெறுங்கண்ணால் எடைபோட முடியாது. முற்றத்தைத் தகரம் போட்டு மூடி அறையாக்கியிருப்பது இன்னொரு வகை. அதற்கு மாநகர் மன்றத்தின் அனுமதி இல்லையென்றால், சதுர அடிக் கணக்கில் அந்த அறையையும் சேர்த்துக் கேட்ட விலை தவறான அளவின்மேல் கேட்ட விலை. இதைப் பேசியே ஆக வேண்டும்.

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு பாரமும் உண்டு. ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது; 2016இல் அதன் சிறப்புப் பகுதித் திட்டம் அரசிதழில் வந்தது. லிட்டில் இந்தியா அதன் மையப் பகுதிக்குள் இருக்கிறது. வேறு ஊரில் ஒழுகும் கூரையை மலிவான தகரத்தால் மூடிவிடலாம். இங்கே சுட்ட ஓடுகளையே வேய வேண்டும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பூச வேண்டும். மன்றத்தின் அனுமதியும் வேண்டும். அதனால் ஆய்வாளர் பொதுவாகப் போடும் செலவுக் கணக்கை வைத்துப் பேரத்துக்குப் போகாதீர்கள். பாரம்பரியக் கட்டட வேலை தெரிந்த ஒப்பந்தக்காரர் எழுதித் தரும் மதிப்பீடு கையில் இருக்கட்டும். அது இல்லாமல் ‘கொஞ்சம் குறையுங்கள்’ என்றால், விற்பவரும் கொஞ்சம் குறைத்துத் தன் மனத்தைத் தேற்றிக்கொள்வார். மக்கிய உத்திரம் மக்கியபடியே நம் கைக்கு வரும்.

காலம் மிக முக்கியம். மலேசியாவில் பழைய வீட்டை உள்ளது உள்ளபடி என்றுதான் விற்பார்கள். புது வீட்டுக்கு மேம்பாட்டாளர் தரும் பழுதுப் பொறுப்புக் காலம் இதற்குக் கிடையாது. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்தது. பேச வேண்டிய கடமை இல்லாத இடத்தில் வெறும் மௌனத்தை அது மோசடியாகக் கொள்வதில்லை. விற்பவர் மௌனத்தால் ஏமாற்றியதாகவே வைத்துக்கொண்டாலும், சாதாரண முயற்சியில் உண்மையை அறிந்திருக்கக்கூடியவர் பிறகு ஒப்பந்தத்தை உடைப்பது கடினம். எனவே வாங்குபவருக்குப் பலம் இருப்பது, வழக்கமாக 2 சதவீதமோ 3 சதவீதமோ கட்டும் முதல் முன்பணத்துக்கும் வாங்கல் விற்றல் ஒப்பந்தக் கையெழுத்துக்கும் இடைப்பட்ட இரண்டு வாரம் போன்ற குறுகிய காலத்தில்தான். ஆய்வு திருப்தி தராவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்ற வரியை முதல் கடிதத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வரி இல்லாமல் பேரத்துக்கு உட்காருபவருக்கு, முன்பணத்தோடு எழுந்து போகும் உரிமை கிடையாது.

விலைக் குறைப்பு எப்போதும் நன்மை என்ற எண்ணத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும். ஓர் உதாரணக் கணக்கு: விலை 15 லட்சம் ரிங்கிட், வங்கிக் கடன் 80 சதவீதம். பழுதுபார்க்க 60,000 ஆகும் என்பதால் விலையில் அதே தொகை குறைகிறது. நம் கையிலிருந்து போட வேண்டிய பணம் 3 லட்சத்திலிருந்து 2,88,000 ஆகும். அதாவது இன்றைக்கு மிச்சம் 12,000 மட்டுமே. மீதி 48,000 கடனில் குறைகிறது. உத்திரம் மாற்ற வரும் தச்சருக்கோ 60,000 ரொக்கமாக வேண்டும். கையிருப்பு குறைவானவருக்கு இதைவிட நல்ல வழி உண்டு: விற்பவர் பெறும் தொகையில் ஒரு பகுதியை வழக்கறிஞரிடம் நிறுத்திவைத்து, வேலை முடிந்ததும் அதிலிருந்து கொடுப்பது. இதை வங்கியும் அறியும்படி ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். பத்திரத்தில் பழைய விலையை வைத்துக்கொண்டு மறைவில் ரொக்கம் திருப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அது வங்கியை ஏமாற்றும் வேலை, தொடவே கூடாது.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. லிட்டில் இந்தியாவில் விற்பவரும் வாங்குபவரும் பெரும்பாலும் முகம் தெரிந்தவர்கள். அதே தெருவில் நாளைக்கும் வியாபாரம் செய்ய வேண்டும். பேசி முடித்த பிறகு விலையைக் கிளறினால் பேர் கெடும் என்பார்கள். இதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தக் காரணத்தால்தான் ஓதத்துக்கும் உதிர்ந்த பூச்சுக்கும் பேரம் பேசாதீர்கள் என்கிறேன். அறிக்கையின் நாற்பது குறைகளையும் நீட்டுகிறவர் மேல் சந்தேகம் விழும். அனுமதியில்லாத அறை, மக்கிய முனைகள் என்று இரண்டை மட்டும் படத்தோடும் மதிப்பீட்டோடும் வைத்து, “அண்ணே, இது உங்களுக்கும் தெரிந்திருக்காது” என்று பேசுகிறவரின் பேர் கெடாது. அறிக்கையின் பிரதியையும் அவரிடமே கொடுத்துவிடலாம். வேறு ஆள் அதிகம் தரக் காத்திருக்கிறார் என்று அவர் சொன்னால், இருக்கலாம். அந்த ஆளும் ஓர் ஆய்வாளரைக் கூட்டி வந்தால் அதே உத்திரத்தைத்தான் பார்ப்பார்.

பணத்தால் பேசக்கூடாத குறை ஒன்று இருக்கிறது. இரு வீட்டுக்கும் பொதுவான சுவரில் படிக்கட்டுபோல் ஏறும் விரிசல். அது பழைய விரிசலா, இன்னும் நகர்கிறதா என்று ஒரே நாள் ஆய்வு சொல்லாது. பக்கத்து வீட்டுக்காரர் சம்மதிக்காமல் அதைச் சரிசெய்யவும் முடியாது. அதற்கு எவ்வளவு தள்ளுபடி கேட்டாலும் அது குருட்டுக் கணக்கு. அங்கே கேட்க வேண்டியது அவகாசம். விரிசலின் குறுக்கே அளவுகோல் பொருத்தி, பினாங்கில் மழை வலுக்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் கழியும்வரை பார்க்க விடுவாரா என்று விற்பவரிடம் கேளுங்கள். விடமாட்டார் என்றால் முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறு வீடு பாருங்கள்.