மருத்துவ உதவிச் சீர்திருத்தம்: எண்பது ஆண்டு விவாதம்

சுகாதாரச் சீர்திருத்தம் என்னும் சொல் புதிதாகத் தோன்றினும், அதனைப் பற்றிய விவாதம் நம் நாட்டில் எண்பது ஆண்டுகளாக நிகழ்ந்து வருவதாகும். 1943ஆம் ஆண்டில் ஸர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு 1946ல் தன் அறிக்கையை வெளியிட்டது. பொருள் கொடுக்க இயலாத காரணத்தால் எவரும் தக்க மருத்துவ உதவி பெறாது போதல் கூடாது என்பது அதன் அடிப்படைக் கொள்கை. நோய் தடுத்தலையும் நோய் தீர்த்தலையும் ஓரிடத்தில் இணைத்து நடத்த வேண்டும். 40,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும். அரசாங்கச் செலவில் நூற்றுக்கு 15 பங்கேனும் இத்துறைக்கு ஒதுக்கப்பட வேண்டும் என அது கூறிற்று.

1952ல் சமூக வளர்ச்சித் திட்டத்தின்கீழ் இந்நிலையங்கள் தோன்றலாயின. ஆனால் வட்டாரத்துக்கு ஒன்று என்னும் கணக்கு மேற்கொள்ளப்பட்டமையால், ஒரு நிலையத்தின் பொறுப்பில் அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் அமைந்தனர். டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1959ல் அமைந்த குழு, புதியவற்றைத் திறப்பதற்கு முன் இருப்பவற்றை வலுப்படுத்துக என்றது. சமவெளியில் 30,000 பேருக்கும் மலைப்பகுதியில் 20,000 பேருக்கும் ஒரு நிலையம் என்பது இன்றைய அளவு.

கட்டடம் எழுப்புதல் எளிது; அதில் டாக்டரை இருத்துதலே அரிது. போர் குழு ஆராய்ந்த காலத்தில் பதிவு பெற்ற டாக்டர்களுள் பெரும்பாலோர், பட்டப்படிப்பினும் குறுகிய படிப்பை முடித்த எல்.எம்.பி. வகுப்பினரே. இனி நாடு முழுவதற்கும் ஒரே தரமான பட்டம் போதும் என்று குழுவின் பெரும்பான்மையோர் முடிவு செய்தனர். சில உறுப்பினர் இதற்கு மாறுபட்டு, டாக்டர் பஞ்சம் தீருமளவும் குறுகிய படிப்பு நீடிக்க வேண்டுமென்றனர். பெரும்பான்மையோர் கருத்தே நிலைத்தது.

எனினும் வினா அடங்கவில்லை. சத்தீஸ்கர் மாநிலம் 2001ல் மூன்றாண்டுப் படிப்பொன்றைத் தொடங்கியது. எதிர்ப்பு மிகுந்தமையால் 2008ல் அது நின்றது. அதில் தேறியோர் ஊரக மருத்துவ உதவியாளராக அமர்த்தப்பட்டனர். பொதுவான நோய்களைக் கையாள்வதில் அவர்கள் பட்டம் பெற்ற டாக்டர்களுக்குக் குறைந்தவரல்லர் எனப் பின்னர் நடந்த ஆராய்ச்சியில் தெரியவந்தது. அஸ்ஸாமில் இதற்கென 2004ல் இயற்றப்பட்ட சட்டத்தை உயர்நீதிமன்றம் 2014ல் செல்லாதென்றது. 2023ல் உச்சநீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. நகரத்தாருக்கு முழு வைத்தியர், நாட்டுப்புறத்தாருக்கு அரை வைத்தியரா என்பது எதிர்ப்பாளர் கேள்வி. கேள்வி நியாயமானதே. ஆனால் பல சிற்றூர்களில் அரை வைத்தியருக்கு மாற்றாக இருப்பவர் முழு வைத்தியர் அல்லர். படிப்பே இல்லாத போலி வைத்தியர் என்பதையும் கருத வேண்டும்.

இரண்டாவது விவாதம் பணத்தைப் பற்றியது. அரசாங்கம் தானே மருத்துவமனைகளை நடத்துவதா, அல்லது மக்களுக்காகக் காப்பீட்டுத் தொகை செலுத்தித் தனியாரிடத்தும் சிகிச்சை பெறச் செய்வதா? 2018ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் இரண்டையும் ஒருங்கே மேற்கொண்டது. ஒருபுறம், 1,50,000 துணை நிலையங்களையும் ஆரம்ப நிலையங்களையும் நலவாழ்வு மையங்களாக உயர்த்துதல். மறுபுறம், குடும்பத்துக்கு ஆண்டுதோறும் 5 லட்சம் ரூபாய் வரை உள்நோயாளிச் சிகிச்சைக்குப் பாதுகாப்பு. 2024ல் எழுபது வயதும் அதற்கு மேலும் ஆனோர் அனைவரும், வருமானம் எதுவாயினும், இதில் சேர்க்கப்பட்டனர்.

காப்பீட்டு அட்டை உள்நோயாளிக்கே உதவும் என்பதைக் களப்பணியாளர் நன்கு அறிந்திருத்தல் வேண்டும். நீரிழிவு உள்ள ஒரு கூலித் தொழிலாளி நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரைக்கு அட்டை பயன்படாது. மாத்திரை தவறிக் கால் அழுகி, அறுவைக்கு வரும்போதே அது பயன்படும். மாத்திரையைக் கொடுக்கவேண்டியது அருகிலுள்ள மையம். அங்கே மருந்து தீர்ந்துவிட்டால் அவர் கடையில் வாங்குவார், அல்லது நிறுத்திவிடுவார். நம் மக்கள் கைப்பொருளாகச் செலவிடுவதில் பெரும்பகுதி இத்தகைய புறநோயாளிச் செலவும் மருந்துச் செலவுமே. ஆகவேதான் காப்பீட்டை முதன்மைப்படுத்துதல் வேரை விடுத்துக் கிளைக்கு நீர் வார்ப்பதாகும் என்பர் சிலர். பெருநோய் வந்து நிலத்தை விற்ற குடும்பத்தைக் கண்டவர் அவ்வாறு எளிதிற் கூறார்.

தேசியச் சுகாதாரக் கணக்கின்படி, மொத்தச் சுகாதாரச் செலவில் மக்களின் கைப்பொருள் 2013–14ல் நூற்றுக்கு 64.2 பங்காக இருந்து, 2021–22ல் 39.4 பங்காகக் குறைந்தது. இக்குறைவை ஐயுறுவோரும் உளர். பிந்திய கணக்கிற்கு ஆதாரமான குடும்ப ஆய்வு 2017–18ல் நடந்தது என்பது அவர்கள் காட்டும் காரணம். அரசாங்கச் செலவு 2021–22ல் நாட்டு உற்பத்தியில் 1.84 பங்கு, 2025க்குள் அதனை 2.5 பங்காக்குவது 2017ஆம் ஆண்டுக் கொள்கையின் குறிக்கோளாயிருந்தது.

சுகாதாரம் அரசியலமைப்பின்படி மாநிலப் பட்டியலில் அடங்கியது. மத்திய அரசு திட்டம் வகுக்கலாம், பணத்தில் பங்கு தரலாம். மாநிலம் இசையாவிடில் அது நடவாது. தமக்கெனத் தனித் திட்டம் வைத்திருந்தமையால் சில மாநிலங்கள் 2018ல் சேரவில்லை. தெலுங்கானா 2021லும், ஒடிசாவும் டில்லியும் 2025லும் இணைந்தன.