கண்ணகையம்மன் சடங்கு: ஆசிரியர்க்கு ஒரு பாடம்

வைகாசித் திங்களில் மட்டக்களப்புப் பிரதேசத்துக் கண்ணகையம்மன் கோயில்களில் நிகழும் விழா 'சடங்கு' எனப்படும். காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம் முதலிய ஊர்களில் இது சிறப்புற நடைபெறுகின்றது. கதவு திறத்தல் அதன் தொடக்கம். கல்யாணக்கால் நாட்டுதல் அதன் நடு. திருக்குளிர்த்தி அதன் முடிவு.

இம்மூன்றும் ஏன் இம்முறையில் நிகழ்கின்றன என மாணாக்கன் வினாவின், ஆசிரியர் யாது விடை கூறுவர்? விடை 'கண்ணகி வழக்குரை' என்னும் காவியத்திலுள்ளது. சடங்கு நாட்களில் அது கோயிலிற் படிக்கப்படும். அம்மையின் திருமணத்தைக் குறித்தே கல்யாணக்கால் நடப்படுகின்றது. மதுரையை எரித்த அவளது சினவெம்மை தணியவே குளிர்த்திப் பாடல் பாடப்படுகின்றது. எனவே சடங்கென்பது நூலைக் கையாலும் காலாலும் கண்டத்தாலும் நிகழ்த்திக் காட்டுதலேயாம். நூலறியாதான் அங்கே ஆரவாரத்தையன்றிப் பிறிதொன்றுங் காணான்.

கோடைவெப்பமும் அம்மை நோயும் நீங்க வேண்டியும் மக்கள் இதனைச் செய்தனர். பெரியம்மை உலகினின்றும் ஒழிந்ததென 1980 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ஆயினும் சடங்கு ஒழிந்திலது. ஆகலின், நோயச்சம் ஒன்றே அதற்கு வேரன்று என்பது தெளிவு.

இடந்தோறும் வழக்கு வேறுபடும். முல்லைத்தீவு வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலின்போது கடல்நீரால் விளக்கெரிக்கும் மரபு உண்டு. மட்டக்களப்பில் ஊரவர் வடசேரி, தென்சேரி என இரு பக்கமாய்ப் பிரிந்து, வளைந்த கொம்புகளைக் கொளுவியிழுத்து முறிக்கும் 'கொம்புமுறி' உண்டு. சிங்கள மக்கள் பத்தினித் தெய்வத்தின் பொருட்டு ஆடும் 'அங்கெலிய' இதனோடொத்தது. வழிபாடு இரு மொழியார்க்கும் பொதுவாதல் இதனாற் பெறப்படும்.

நாம் இளமையில் மிஷன் பாடசாலையிற் கற்றபோது, இவையெல்லாம் பேய்வணக்கம் என்றே போதிக்கப்பட்டோம். பின்னர்ச் சைவ மேடைகளிலும் இவை கிராமியமென இகழப்படக் கேட்டோம். ஆறுமுக நாவலரவர்கள் (1822–1879) கண்ணகி வழிபாட்டைக் கடிந்தமையும், வடபாலிற் கண்ணகி கோயில்கள் பல இராசராசேசுவரி, புவனேசுவரி முதலிய நாமங்களைப் பெற்றமையும் யாவரும் அறிந்தனவே. ஆகமநெறி பேணிய அப்பெரியாரது கருத்தை மாணாக்கரிடத்து மறைத்தல் தகாது. ஆனால் கண்ணகி பெயர் நீங்கிய கோயிலில் அவள் கதை படித்தற்கு இடமேது? யாழ்ப்பாணத்திற் 'கோவலனார் கதை' எனவும், வன்னியிற் 'சிலம்பு கூறல்' எனவும் வழங்குவது இக்கதையே. பண்டிதர் வி. சீ. கந்தையா 1968 இல் வழக்குரையைப் பதிப்பித்தமையால் ஏடு பிழைத்தது. அதனைப் படிக்கும் இசைமுறையோ அச்சிலடங்காது. பாடுவார் நாவிலேயே உளது.

ஆதலின் ஆசிரியர்மார் மூன்று செய்வாராக. முதலாவது, சடங்கின் ஒவ்வோர் உறுப்பையும் கதையின் உரிய பகுதியோடு இயைத்துக் கற்பித்தல். இரண்டாவது, கட்டாடியாரிடத்தும் மூத்த தாய்மாரிடத்தும் அவ்வூர்ச் சொற்களையும் பாடல்களையும் கேட்டெழுதி வருமாறு மாணாக்கரை ஏவுதல். மூன்றாவது, தம்மூர் வழக்கே முறை, பிறவூர் வழக்கு பிழை எனக் கூறாதிருத்தல். தன் பாட்டி கைகூப்பிய தெய்வத்தைப் பாடசாலையில் இகழக் கேட்ட பிள்ளை, பாட்டியையும் இகழும். அன்றேற் பாடசாலையை வெறுக்கும். இவ்விரண்டும் நேராவாறு காத்தல் நங்கடனன்றோ!