தண்டனை பெற்றவர் தேர்தலில் நிற்கலாமா? முக்கியக் குறிப்புகள்

தெரிந்த பாடம்தான், ஆனாலும் தேர்வில் மதிப்பெண் போகும் இடம் இது. வழக்குப் பதிவு, குற்றச்சாட்டு வனைதல், குற்றவாளி என்ற தீர்ப்பு, தண்டனை ஆகிய நான்கையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே காரணம். தகுதியைப் பறிப்பவை கடைசி இரண்டும்தான். முதல் இரண்டால் யாருடைய வேட்புமனுவும் தள்ளுபடி ஆவதில்லை.

1. அரசமைப்பு அடிப்படை

• எம்.பி.க்களின் தகுதியிழப்பு: சரத்து 102. எம்.எல்.ஏ., எம்.எல்.சி.க்களுக்கு: சரத்து 191.
• இந்தச் சரத்துகளில் குற்றத் தண்டனை பற்றி நேரடியாக எதுவும் இல்லை. "நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தின்படி" தகுதியிழப்பவர் என்ற வழியாகத்தான் அது உள்ளே வருகிறது.
• அந்தச் சட்டம்: மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951. பிரிவு 8.

2. பிரிவு 8: மூன்று உட்பிரிவுகள்

• 8(1): பட்டியலிட்ட குற்றங்கள். ஊழல் தடுப்புச் சட்டம், போதைப்பொருள் தடுப்புச் சட்டம், பாலியல் வன்கொடுமை, தேர்தல் லஞ்சம், சமூகங்களிடையே பகை வளர்த்தல், தேசியச் சின்னங்களை அவமதித்தல் முதலியவை. அபராதம் மட்டும் விதித்தாலும் தீர்ப்பு நாளிலிருந்து 6 ஆண்டுகள் தகுதியிழப்பு.
• 8(2): பதுக்கல், கொள்ளை லாபம், உணவு மற்றும் மருந்துக் கலப்படம், வரதட்சணைத் தடைச் சட்டக் குற்றங்கள். குறைந்தது 6 மாதச் சிறை விதித்திருக்க வேண்டும்.
• 8(3): வேறு எந்தக் குற்றமானாலும் குறைந்தது 2 ஆண்டுச் சிறை.
• நினைவுக்கு: 8(1) குற்றம் எது என்று பார்க்கும், 8(3) தண்டனை எவ்வளவு என்று பார்க்கும், 8(2) இரண்டையும் பார்க்கும்.
• பொறி வினா: கொலைக் குற்றம் 8(1) பட்டியலில் இல்லை. அது 8(3) வழியாகவே தகுதியைப் பறிக்கிறது.
• கணக்கு: சிறைத்தண்டனை என்றால் தீர்ப்பு நாளில் தொடங்கி, விடுதலைக்குப் பிறகு மேலும் 6 ஆண்டுகள். 2 ஆண்டுத் தண்டனையை முழுதாக அனுபவித்தவருக்கு மொத்தம் 8 ஆண்டுகள். "6 ஆண்டுகள்" என்று மட்டும் எழுதினால் பாதி விடைதான்.
• பிரிவு 11: தகுதியிழப்பு காலத்தைக் குறைக்கவோ நீக்கவோ தேர்தல் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. சிக்கிம் முதல்வர் பிரேம் சிங் தமாங்கின் 6 ஆண்டுகளை 2019 செப்டம்பரில் 1 ஆண்டு 1 மாதமாகக் குறைத்தது.

3. லில்லி தாமஸ் வழக்கு (10.07.2013)

• நீதிபதிகள் ஏ.கே. பட்நாயக், எஸ்.ஜே. முகோபாத்யாய.
• பதவியில் இருப்பவருக்கு மேல்முறையீடு செய்ய 3 மாத அவகாசம் தந்து பதவியைக் காத்த பிரிவு 8(4) செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். வேட்பாளருக்கு ஒரு நீதி, உறுப்பினருக்கு ஒரு நீதி என்று சட்டமியற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்பது காரணம்.
• தீர்ப்பைக் கடக்க வந்த அவசரச் சட்ட வரைவை ராகுல் காந்தி 27.09.2013 அன்று வெளிப்படையாக எதிர்த்தார், 02.10.2013 அன்று கைவிடப்பட்டது.
• அதே மாதம் மாட்டுத்தீவன ஊழல் வழக்கில் 5 ஆண்டுத் தண்டனை பெற்ற லாலு பிரசாத் யாதவ் எம்.பி. பதவியை இழந்தார்.

4. தமிழ்நாட்டு வழக்கு: பி.ஆர். கபூர் (21.09.2001)

• டான்சி வழக்கில் 2000 அக்டோபரில் ஜெயலலிதாவுக்கு 3 ஆண்டுத் தண்டனை. உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்தது. குற்றவாளி என்ற தீர்ப்புக்குத் தடை விதிக்கவில்லை.
• 2001 தேர்தலில் ஆண்டிப்பட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை ஆகிய நான்கு தொகுதிகளிலும் மனுக்கள் தள்ளுபடி: மூன்று இந்தத் தகுதியிழப்பால், ஒன்று இரண்டுக்கு மேற்பட்ட தொகுதிகளில் மனு செய்ததால்.
• கட்சி வென்றது. 14.05.2001 அன்று அவர் முதல்வராகப் பதவியேற்றார். உறுப்பினர் அல்லாதவர் 6 மாதம் அமைச்சராக இருக்கலாம் என்ற சரத்து 164(4)-ஐ நம்பிய நியமனம் அது.
• உறுப்பினராகும் தகுதியே இல்லாதவருக்கு அந்தச் சலுகை பொருந்தாது என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு நியமனத்தை ரத்து செய்தது. ஓ. பன்னீர்செல்வம் முதல்வரானார்.
• 04.12.2001 அன்று உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தது. இடைத்தேர்தலில் ஆண்டிப்பட்டியில் வென்று 2002 மார்ச்சில் மீண்டும் முதல்வரானார்.

5. எதற்குத் தடை வாங்க வேண்டும்?

• தண்டனைக்குத் தடை: சிறைக்குப் போவது நிற்கும். தகுதி திரும்பாது.
• குற்றவாளி என்ற தீர்ப்புக்கே தடை: தகுதி திரும்பும் (லோக் பிரஹாரி வழக்கு, 2018).
• ராகுல் காந்தி: அவதூறு வழக்கில் சூரத் நீதிமன்றம் 23.03.2023 அன்று சரியாக 2 ஆண்டு விதித்தது. மறுநாளே பதவி பறிபோனது. 04.08.2023 அன்று தடை விதித்த உச்ச நீதிமன்றம், தண்டனை ஒரு நாள் குறைந்திருந்தாலும் தகுதியிழப்பு வந்திருக்காது என்றது.
• பொன்முடி: 21.12.2023 அன்று 3 ஆண்டுத் தண்டனை; 11.03.2024 அன்று உச்ச நீதிமன்றத் தடை, 22.03.2024 அன்று மீண்டும் அமைச்சர்.

6. சிறையில் இருப்பவர்

• விசாரணைக் கைதி வாக்களிக்க முடியாது (பிரிவு 62(5)), போட்டியிடலாம். போட்டியிடுவதற்கும் தடை என்ற 2013 தீர்ப்பை அதே ஆண்டுச் சட்டத்திருத்தம் மாற்றியது.
• சிறையிலிருந்து வென்றவர்கள்: ஜார்ஜ் பெர்னாண்டஸ் (முசாபர்பூர், 1977), அம்ரித்பால் சிங், இன்ஜினியர் ரஷீத் (2024).

7. வெளிப்படுத்தும் கடமை

• 2002 ஏ.டி.ஆர். (ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம்) வழக்கு: குற்றப் பின்னணி, சொத்து, கல்வித் தகுதி விவரங்களை வேட்பாளர் தர வேண்டும். படிவம் 26-இல் பிரமாணப் பத்திரம்.
• 25.09.2018 பப்ளிக் இன்டரஸ்ட் ஃபவுண்டேஷன் வழக்கு: குற்றச்சாட்டு நிலையிலேயே தகுதியிழப்பு தருவது நாடாளுமன்றத்தின் வேலை. நாளிதழ், தொலைக்காட்சி விளம்பரம் கட்டாயம்.
• 13.02.2020 உத்தரவு: வழக்குள்ளவரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று கட்சி காரணம் சொல்ல வேண்டும். "வெற்றி வாய்ப்பு" மட்டும் காரணமாகாது.

8. பிற நாடுகள்

• அமெரிக்கா: தண்டனை தடையல்ல. யூஜின் டெப்ஸ் 1920-இல் சிறையிலிருந்தே அதிபர் தேர்தலில் நின்றார். டிரம்ப் 30.05.2024 அன்று 34 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி எனத் தீர்ப்பு பெற்று, அதே நவம்பரில் வென்றார்.
• பிரிட்டன்: ஓராண்டுக்கு மேல் தண்டனை பெற்றவர் சிறையிலிருக்கும் வரை எம்.பி. ஆக முடியாது (1981 சட்டம்).

9. விரிவான விடைக்கு

• ஆயுள் தடை வேண்டும் என்போர் வாதம்: தண்டனையால் வேலையிழந்த அரசு ஊழியர் அந்த நாற்காலிக்குத் திரும்புவதில்லை, சட்டம் இயற்றுபவர் மட்டும் 6 ஆண்டில் திரும்பலாமா?
• எதிர்வாதம்: தண்டனையை அனுபவித்தவருக்கு மறுவாய்ப்பு வேண்டும், இறுதி முடிவு வாக்காளருடையது, பொய் வழக்கு ஆயுதமாகும்.
• நடுவழி: சட்ட ஆணையத்தின் 244-ஆவது அறிக்கை (2014). 5 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில், குற்றச்சாட்டு வனைந்த நிலையிலேயே தடை.
• எண்: வழக்குள்ள மக்களவை உறுப்பினர்கள் 2009-இல் 162, 2014-இல் 185, 2019-இல் 233, 2024-இல் 251 (ஏ.டி.ஆர்.). இவர்கள் வழக்குள்ளவர்கள், எல்லோரும் தண்டனை பெற்றவர்கள் அல்லர்.
• முடிவுரைக்கு: ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கு 1996-இல் பதிவானது. விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு 27.09.2014, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 14.02.2017. அவர் இறந்ததோ 05.12.2016. தடை 6 ஆண்டா ஆயுளா என்ற விவாதத்துக்கு முன்னால், தீர்ப்பு எப்போது வரும் என்ற கேள்வி நிற்கிறது. விரைவு விசாரணையை முதல் பரிந்துரையாக எழுதுங்கள். தடையின் நீளம் அதற்கு அடுத்தது.