சின்னஞ்சிறு விருந்தாளிக்கு ஒரு கலம்

நம் வீட்டுச் செம்பருத்தியில் தேனருந்தும் தேன்சிட்டை நீங்கள் அறிவீர்கள். அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழும் ஓசனிச்சிட்டு வேறோர் இனம். அவற்றுள் செந்தொண்டை ஓசனிச்சிட்டின் எடை ஏறத்தாழ 3 கிராம். நொடிக்கு 50 முறை அளவில் சிறகடித்து, அந்தரத்தில் நின்றவாறே அது தேனருந்தும்.

அந்நாட்டு மக்கள் இதனை வரவேற்க வீட்டுக் கொல்லையில் இனிப்புநீர்க் கலம் தொங்கவிடுவர். கலத்தை எவ்வாறு தெரிந்தெடுப்பது? அழகைவிடத் தூய்மையே முதன்மை. உட்புறம் தேய்த்துக் கழுவத்தக்க, வாயகன்ற கலமே நன்று. தலைகீழாகக் கவிழ்த்த புட்டியில், வெயிலால் உட்காற்று விரிந்து நீர் ஒழுகும், எறும்பு மொய்க்கும். தட்டு வடிவக் கலம் அவ்வாறு எளிதில் ஒழுகாது. கலத்தின் சிவப்பு நிறமே பறவையை ஈர்க்கும்; ஆதலின் நீரில் சாயம் வேண்டா.

ஒரு பங்கு வெள்ளைச் சீனி, நான்கு பங்கு நீர்: இதுவே அளவு. தேனீக்களின் தேனைக் கலத்தல் ஆகாது. அது விரைவில் புளித்துப் பூஞ்சை பிடித்துப் பறவைக்கு நோய் தரும். வெப்பக் காலத்தில் இரண்டு நாளுக்கொரு முறை கலத்தைக் கழுவிப் புதுநீர் நிரப்புதல் வேண்டும். அதற்கு நேரமில்லாதவர் கலம் வைக்காது பூச்செடி நடுதலே நன்று.

பிள்ளைகளே! விருந்தோம்பல் என்பது உணவு இடுவது மட்டுமன்று. இட்ட உணவு நஞ்சாகாமல் காப்பதுமாகும்.