வெயில் மேல் மட்டும் பழி போடாதீர்கள்

அக்னி நட்சத்திரம் பிறந்தால் செய்திச் சேனல்களில் இரண்டு காட்சிகள் தவறாமல் வரும். ஒன்று, தார்ச்சாலையில் ஆம்லெட் போட்டுக் காட்டும் இளைஞர். இன்னொன்று, நீர்மோர்ப் பந்தலைத் திறந்துவைக்கும் பிரமுகர். நகரத்து வெப்பம் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டோடு முடிந்துவிடுகிறது. ஆனால் வெயில் எத்தனை டிகிரி என்பதோடு நிற்காமல், அது யாரைச் சாய்க்கிறது, எந்தத் தெருவில், எதனால் என்று தேடிப்போனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்டதை வைத்து, வழக்கமாகக் காதில் விழும் சில நம்பிக்கைகளை உரசிப் பார்க்கலாம்.

நம்பிக்கை: வெயிலுக்கு ஏழை, பணக்காரன் தெரியாது. எல்லோருக்கும் ஒரே வெயில்தான்.

வெயில் ஒன்றுதான், சாவு ஒன்றல்ல. 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தொட்டது. சில நாட்களுக்குள் பிணவறையில் இடமில்லாமல் குளிர்சாதன லாரிகளை வரவழைத்து உடல்களை அடுக்க வேண்டியதாயிற்று. வழக்கமாக அந்த வாரத்தில் நிகழும் மரணங்களைவிட 739 பேர் அதிகமாக இறந்ததாகப் பின்னர் கணக்கிட்டார்கள்.

எரிக் கிளைனன்பெர்க் என்ற சமூகவியலாளர் அந்த மரணங்களின் வரைபடத்தை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். நார்த் லான்டேல், சவுத் லான்டேல் என்ற இரண்டு பகுதிகளும் அடுத்தடுத்து இருப்பவை. இரண்டிலும் வறுமை உண்டு, தனியாக வசிக்கும் முதியவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்டு. அப்படியிருந்தும் முதல் பகுதியில் லட்சத்துக்கு 40 பேர் இறந்தார்கள், இரண்டாவதில் லட்சத்துக்கு நான்கு பேர்கூட இல்லை. சவுத் லான்டேலில் கடைவீதி இருந்தது, நடைபாதையில் ஆள் நடமாட்டம் இருந்தது. புழுக்கம் தாங்காத கிழவி வெளியே வந்து ஒரு கடைக்குள் ஏசி காற்றில் சற்று நிற்கலாம். நார்த் லான்டேலில் தொழிற்சாலைகள் மூடிப் பல வருடங்களாகி, வீடுகள் இடிந்து, தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. வழிப்பறிக்குப் பயந்து முதியவர்கள் கதவைத் தாழிட்டு உள்ளேயே இருந்தார்கள். 2002இல் வெளிவந்த தன் நூலில் இதை 'சமூகப் பிரேதப் பரிசோதனை' என்றார் கிளைனன்பெர்க்.

அவர் முடிவை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. பகுதிவாரி எண்ணை வைத்துக்கொண்டு ஒரு தனி மனிதர் ஏன் இறந்தார் என்று சொல்லிவிட முடியாது என வாதிட்டார் மிட்செல் டுனியர் என்ற இன்னொரு சமூகவியலாளர். நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் அவரும் தெர்மாமீட்டரைக் காட்டிப் பதில் சொல்லவில்லை. இறந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துத்தான் எதிர்வாதம் வைத்தார்.

நம்பிக்கை: வெயிலுக்கு இறப்பவர்கள் சொற்பம், அரசுக் கணக்கே அப்படித்தான் சொல்கிறது.

அந்தக் கணக்கு எப்படி உருவாகிறது என்று பாருங்கள். எழுபது வயதுக்காரர் ஒருவர், ஏற்கெனவே இதய நோயாளி, மே மாத மதியத்தில் மயங்கி விழுந்து இறக்கிறார். இறப்புச் சான்றிதழில் 'மாரடைப்பு' என்று எழுதுவார்கள். சிறுநீரகம் பழுதானவர் என்றால் அது காரணமாகிவிடும். வெப்பத்தாக்கு என்று எழுதப்படுவது, உடல் அனலாகக் கொதிக்கும் நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் சிலருக்குத்தான். ஆகவே ஆய்வாளர்கள் சான்றிதழை நம்புவதில்லை. மொத்த மரணங்களை எடுத்து, முந்தைய வருடங்களில் அதே காலத்தில் நிகழ்ந்த மரணங்களை அதிலிருந்து கழித்துப் பார்க்கிறார்கள்.

2010 மே மாதம் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரி வரை ஏறியது. இப்படிக் கழித்துப் பார்த்தபோது, அந்த ஒரு மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் அதிகமாக இறந்திருந்தது தெரிந்தது. அதிகரிப்பு 43 சதவீதம். சிகாகோவிலும் இதே தகராறு நடந்தது. செத்தவர்களை எல்லாம் வெயில் கணக்கில் எழுத முடியுமா என்று மேயர் ரிச்சர்ட் டேலி சந்தேகம் கிளப்பினார். கடைசியில் பிணப் பரிசோதனை அதிகாரியின் கணக்கே சரியென்று நின்றது.

நம் ஊருக்கும் இது அன்றாடப் பிரச்சினை. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது; இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நல்ல முடிவு. ஆனால் வெயில்தான் காரணம் என்பது காகிதத்தில் இருந்தால்தானே அந்தப் பணம் வரும்?

நம்பிக்கை: சென்னையில் கடற்காற்று இருக்கிறது, அவ்வளவு மோசமாகாது.

நுங்கம்பாக்கம் நிலையத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவாகியிருக்கிறது. அதைவிட முக்கியம், கடற்காற்று ஈரத்தையும் கொண்டுவருகிறது. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை வழியுமே தவிர உலராது. வெப்ப அலை என்று அறிவிக்கச் சமவெளிக்கு 40 டிகிரி என்ற வரம்பைக் கடலோரத்துக்கு 37 என்று வானிலைத் துறை வைத்திருப்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: நிறையத் தண்ணீர் குடித்தால் போதும், மிச்சத்துக்கு ஏசி இருக்கிறது.

ஏசி வாங்கியவர் அறையைக் குளிர்வித்து, அனலைத் தெருவுக்குத் தள்ளுகிறார். அந்தத் தெருவில் சிமெண்ட் ஷீட் கூரையின் கீழ் ஒரு குடும்பம் இருக்கும். இரவு பதினோரு மணிக்கும் சுவரில் கை வைத்தால் சூடு தெரியும். மின்விசிறி அந்தச் சூட்டையே சுற்றிச் சுற்றி இறக்கும். தரையில் தண்ணீர் தெளித்து ஈரத்துணியை விரித்துப் பிள்ளைகளைப் படுக்கவைப்பார்கள், பெரியவர்கள் வாசலில்.

தண்ணீர் விஷயம் இன்னும் சிக்கல். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால், வேலையிடத்து வெப்பத்தைப் பல வருடங்களாக ஆராய்ந்துவருபவர். அவரது குழு 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, வெயிலில் உழைக்கும் பெண்களின் உடல்நலத்தைக் கழிப்பறை வசதியோடு சேர்த்துப் பார்த்தது. கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கிறார்கள், சிறுநீரை அடக்குகிறார்கள், நோய்த்தொற்றுக்கு ஆளாகிறார்கள். அவர்களிடம் போய் 'நிறைய நீர் அருந்துங்கள்' என்று துண்டுப்பிரசுரம் நீட்டுவதில் என்ன பயன்? ஆணாக இருந்துகொண்டு அப்படி எழுதுவது சுலபம். இதே குழு தமிழகத்தில் சுமார் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து பார்த்தது. கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்தது.

இந்தக் கழிப்பறைக் குறையை, தெருவின் சூட்டை அளக்கும் எந்தச் செயற்கைக்கோளும் படம் பிடித்துத் தராது. அந்தப் பெண்களோடு உட்கார்ந்து பேசினால்தான் வெளியே வரும்.

நம்பிக்கை: அரசிடம் வெப்பச் செயல் திட்டம் இருக்கிறதே, பார்த்துக்கொள்வார்கள்.

திட்டம் உயிர் காக்கும், அது உண்மை. 2010 மரணங்களுக்குப் பிறகு அகமதாபாத் மாநகராட்சி, காந்திநகர் பொதுச் சுகாதார நிறுவனம் உள்ளிட்டோருடன் சேர்ந்து 2013இல் ஒரு திட்டம் போட்டது. முன்னெச்சரிக்கை, மருத்துவர்களுக்குப் பயிற்சி, யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற பட்டியல் எல்லாம் அதில் இருந்தன. அதன் பிறகு வருடத்துக்குச் சுமார் 1,190 மரணங்கள் தவிர்க்கப்பட்டதாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அந்த நகரில் எனக்குப் பிடித்த வேலை வேறொன்று. ஷாரதாபென் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு மாடியில், சுடும் மொட்டைமாடிக்கு நேர்க்கீழே இருந்தது. அதைத் தரைத்தளத்துக்கு மாற்றினார்கள். வெப்ப பாதிப்போடு அங்கே சேர்க்கப்படும் குழந்தைகள் வெகுவாகக் குறைந்தார்கள். புதுத் தொழில்நுட்பம் எதுவும் இல்லை, அறையை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

ஆனால் எல்லாத் திட்டங்களும் அப்படியல்ல. டெல்லியின் கொள்கை ஆராய்ச்சி மையம் 2023இல் நாடெங்கும் 37 வெப்பச் செயல் திட்டங்களைப் படித்துப் பார்த்தது. யாருக்கு ஆபத்து அதிகம் என்று உள்ளூர் அளவில் மதிப்பிட்டவை இரண்டே இரண்டு. பணம் எங்கிருந்து வரும் என்று பேசியவை 11. அவற்றிலும் பெரும்பாலானவை, துறைகளே தங்கள் ஒதுக்கீட்டிலிருந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று கைகழுவியவை. நிதித் தலைப்பு இல்லாத திட்டம் நீர்மோர்ப் பந்தலைத் தாண்டாது.

உங்கள் ஊர் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள ஆய்வாளராக இருக்க வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ ஒரு மனு போடுங்கள். மூன்றே கேள்விகள் போதும்: கடந்த ஐந்து வருடங்களில் மாதவாரியாகப் பதிவான மொத்த இறப்புகள் எத்தனை? வெப்பச் செயல் திட்டத்துக்கு எந்தத் தலைப்பில் எவ்வளவு ஒதுக்கினீர்கள்? துப்புரவுப் பணியாளர்கள் கூடும் இடங்களில் பெண்களுக்குக் கழிப்பறை எத்தனை? 30 நாட்களில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். மார்ச்சுக்குள் கையில் பதில் இருக்கும்படி ஜனவரியிலேயே அனுப்பிவிடுங்கள்.