புதிய பாலமும் பழைய மரபும்

ஆற்றங்கரை ஊர்களின் வரலாறு, ஆற்றைக் கடந்த வழிகளின் வரலாறுமாகும். படகுத்துறை இருந்த இடத்தில் பாலம் எழுந்தது; அதனையொட்டிச் சந்தையும் சாவடியும் தொழுமிடங்களும் வளர்ந்தன. பாலம் முதுமையுறும்போது மாற்றுப் பாலம் அமைப்பது அரசின் கடமை. அவ்வேளையில் எதனைக் காக்க வேண்டும் என எடுத்துரைப்பது ஊராரின் கடமை. இரு பாலங்களை ஒப்பிட்டு இதனை ஆராய்வோம்.

நெல்லைப் பாலம்

திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைத்துத் தாமிரபரணியின்மீது நிற்பது சுலோசன முதலியார் பாலம். 1843இல் திறக்கப்பெற்ற இப்பாலம் 11 வளைவுகளை உடையது. ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராகப் பணியாற்றிய முதலியார், தம் சொந்தப் பொருளை ஈந்து இதனைக் கட்டுவித்தார். ஈந்தவர் மறைந்த பின்னும் பயன் ஓயாத அறத்தை இஸ்லாம் 'ஸதக்கத்துல் ஜாரியா' எனப் போற்றும். முதலியாரின் கொடையும் அத்தகையதே எனலாம். போக்குவரத்துப் பெருகியபோது பாலம் அகலப்படுத்தப்பட்டது. பின்னர் அருகே இணைப்பாலமும் எழுந்தது. எனினும் பழைய வளைவுகளும் ஈந்தவர் பெயரும் நிலைத்துள்ளன.

கொள்ளிடப் பாலம்

திருச்சிராப்பள்ளியில் கொள்ளிடத்தின் குறுக்கே 1928இல் திறக்கப்பெற்ற இரும்புப் பாலத்தின் கதை வேறு. 2016இல் புதிய பாலம் திறக்கப்பட்டதும் வாகனங்கள் அதன்வழிச் சென்றன. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் பழைய பாலத்தின் தூண்கள் சில சரிந்தன. பின்னர் அப்பாலத்தை அகற்றும் பணி தொடங்கியது.

இவ்விரண்டும் உணர்த்துவது யாது? பழையதை இடிக்காது விடுதல் வேறு, காத்தல் வேறு. வெள்ளம் தூணடி மணலை அரித்தல் ஆற்றுப் பாலங்களுக்கெல்லாம் பொதுவான இடர். பயனும் பராமரிப்பும் இழந்த பாலத்தை நினைவு மட்டும் தாங்கி நிற்காது.

செய்யத்தக்கன

1. தூண்கள் உறுதியாயிருப்பின், பழைய பாலத்தை நடப்போர்க்கு உரியதாக்கி, ஆண்டுதோறும் அடித்தளத்தை ஆய்தல் வேண்டும்.

2. இடித்தே ஆகவேண்டுமெனின், முன்னதாக அளவு, வரைபடம், ஒளிப்படம் ஆகியவற்றைப் பதிந்து, கல்வெட்டைப் பெயர்த்துப் புதிய பாலத்தருகே பதித்தல் வேண்டும்.

3. அணுகுசாலை அமைப்போர் படித்துறை, மண்டபம், அடக்கத்தலம், முதுமரம் ஆகியவற்றை முன்கூட்டியே கணக்கெடுத்தல் வேண்டும்.

4. படகுக் காலத்தைக் கேட்டறிந்த முதியோரின் நினைவுகளை மாணவர் எழுதிவைத்தல் வேண்டும்.

மக்களின் உயிர்க்காப்பே முதன்மையானது. நலிந்த பாலத்தை மரபின் பெயரால் நீட்டித்தல் தகாது. ஆயின், ஈந்தவர் பெயரும் உழைத்தோர் கைத்திறனும் இடிபாட்டுடன் புதைந்துவிடின், வருந்தலைமுறைக்குச் சாலை மட்டுமே எஞ்சும், ஊர் எஞ்சாது. புதிய பாலத்திற்கு அடிக்கல் நாட்டுமுன் பழைய பாலத்தின் வரலாற்றை எழுதி முடிப்போமாக!